அசைவூட்டக் குரல் நடிப்பு (தமிழ்)

அசைவூட்டக் குரல் நடிப்பு என்பது, வரையப்பட்ட அல்லது கணினியில் உருவாக்கப்பட்ட பாத்திரங்களுக்கு ஒரு கலைஞர் தம் குரலால் உயிர் கொடுக்கும் தொழில் ஆகும். தமிழகத்தில் இது பெரும்பாலும் டப்பிங் என்ற பொதுப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. கார்ட்டூன் தொடர்கள், அசைவூட்டத் திரைப்படங்கள், விளம்பரங்கள், கல்விப் படங்கள், கணினி விளையாட்டுகள் ஆகியன இதன் களங்கள். நடிகரின் முகம் எங்கும் தோன்றாது. பெரும்பாலான தமிழ்த் தொடர்களில் அவரது பெயரும் தோன்றுவதில்லை என்பதே இத்தொழிலின் தனித்தன்மையும் தீராத குறையும் ஆகும்.

தமிழில் இத்தொழில் நடைபெறும் முறையையும், இதில் நுழைய விரும்புவோர் அறிய வேண்டியவற்றையும் இக்கட்டுரை விவரிக்கிறது. சென்னைக்கு வெளியே இருந்து இத்துறைக்கு வருவோரின் நிலையை விளக்கும் பொருட்டு, கிருட்டிணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள தளி, ஓசூர் வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. மும்மொழி வழங்கும் அவ்வட்டாரம் இத்தொழிலுக்கு ஒருவகையில் வளமாகவும் ஒருவகையில் தடையாகவும் அமைந்துள்ளது.

இருவகைப் பணி

மூலக் குரல் நடிப்பு, மொழிமாற்றக் குரல் நடிப்பு என இப்பணி இருவகைப்படும். முதல் வகையில் குரல் முதலில் பதிவு செய்யப்படுகிறது. அதன் ஏற்ற இறக்கங்களைக் கேட்டே ஓவியர்கள் பாத்திரத்தின் வாயையும் முகத்தையும் அசைக்கின்றனர். இரண்டாம் வகையில் படம் முன்னரே முடிந்துவிட்டது. வேறொரு மொழியில் அசைந்த வாய்க்குள் தமிழைப் பொருத்த வேண்டும். முன்னதில் படம் குரலைப் பின்தொடர்கிறது, பின்னதில் குரல் படத்தைப் பின்தொடர்கிறது.

தமிழ்த் தொலைக்காட்சிகளில் வரும் கார்ட்டூன்களில் பெரும்பகுதி ஆங்கிலம், சப்பானியம், இந்தி ஆகிய மொழிகளிலிருந்து வருவதால், தமிழ்க் கலைஞருக்குக் கிடைக்கும் வேலையும் பெரும்பாலும் இரண்டாம் வகையே. தொடங்குவோர் இதை முதலிலேயே அறிந்துகொள்ளுதல் நலம். புதிய பாத்திரம் ஒன்றைத் தாமே படைக்கும் வாய்ப்பு தமிழில் அரிது. பிறர் படைத்த பாத்திரத்துக்குத் தமிழில் மறுபிறவி அளிப்பதே வழக்கமான பணி.

வரலாறு

பாத்திரம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் இருக்கும் கலை தமிழருக்குப் புதிதன்று. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் அமரும் ஒரே கலைஞர் இராமனுக்கும் இராவணனுக்கும் கோமாளிகளுக்கும் குரல் மாற்றிப் பேசுகிறார். ஒருவரே பல பாத்திரங்களுக்குப் பேசும் இன்றைய கார்ட்டூன் முறைக்கு இதைவிட நெருங்கிய முன்னோடியைக் காண்பது கடினம்.

உலக அளவில், 1928 இல் வெளியான ஸ்டீம்போட் வில்லி படத்தில் மிக்கி மவுசுக்கு வால்ட் டிஸ்னியே குரல் கொடுத்தார். 1937 இல் வெளியான ஸ்னோ ஒயிட் படத்தில் நாயகிக்குக் குரல் தந்த அட்ரியானா கேசலாட்டியின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. பக்ஸ் பன்னி உட்பட எண்ணற்ற பாத்திரங்களுக்குப் பேசிய மெல் பிளாங்க் (1908–1989) இத்துறையில் முதன்முதலாகப் பெரும்பெயர் பெற்றவர்களுள் ஒருவர்.

தமிழில் மொழிமாற்றப் படங்களின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1943 இல் கன்னடத்தில் வெளிவந்த அரிச்சந்திரா படத்தை ஏ. வி. மெய்யப்பன் 1944 இல் தமிழில் வெளியிட்ட நிகழ்வு ஆகும். கன்னடத்திலிருந்து தமிழுக்கு இவ்வாறு தொடங்கிய வழி, பின்னாளில் கன்னடத்துக்குள் செல்லும் திசையில் மட்டும் பல பத்தாண்டுகள் அடைபட்டிருந்தது. இது பற்றிக் கீழே காண்க.

கார்ட்டூன்களுக்கான தொடர்ச்சியான தமிழ்க் குரல் வேலை 2000-களில் உருவானது. கார்ட்டூன் நெட்வொர்க் முதலிய அலைவரிசைகள் தமிழ்க் குரல்தடத்தைச் சேர்த்தன. 2007 இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியபோது முழுநாளும் தமிழிலேயே பேசும் சிறுவர் அலைவரிசை ஒன்று கிடைத்தது. அதில் வந்த டோரா தொடரின் குரங்கு தமிழில் 'புஜ்ஜி' ஆனது. ஜாக்கி சான் சாகசத் தொடரின் தமிழ் உரையாடல்களை அக்காலச் சிறுவர்கள் பெரியவர்களான பின்னும் நினைவிலிருந்து சொல்கின்றனர். ஐதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கி 2008 முதல் போகோவில் ஒளிபரப்பான சோட்டா பீம், இந்தியத் தயாரிப்புகளுக்கும் பிறமொழிக் குரல்கள் தேவை என்ற நிலையை வலுப்படுத்தியது.

தமிழகத்திலேயே உருவான அசைவூட்டப் படங்கள் சிலவே. சென்னையின் பென்டாமீடியா நிறுவனம் 2000 இல் வெளியிட்ட சிந்துபாத் படத்துக்கு பிரெண்டன் பிரேசர், மார்க் ஹாமில் முதலான அமெரிக்க நடிகர்களே ஆங்கிலத்தில் பேசினர். படம் சென்னையைச் சேர்ந்தது. குரல் சென்னையைச் சேர்ந்ததன்று. 2007 இல் இனிமே நாங்கதான், 2014 இல் கோச்சடையான் ஆகியவை தமிழில் வெளிவந்தன. 2025 சூலையில் வெளியான மகாவதார் நரசிம்மா இந்தியுடன் தென்னிந்திய மொழிகள் நான்கிலும் திரையிடப்பட்டுப் பெருவெற்றி பெற்றது. பெங்களூருவின் ஓம்பாலே நிறுவனம் வழங்கிய இப்படம், இந்திய அசைவூட்டப் படம் ஒன்றுக்கு ஐந்து மொழிக் குரல்தடங்கள் தேவைப்படும் சந்தை உருவாகிவிட்டதைக் காட்டுகிறது.

பணி நடைபெறும் முறை

மூலத் தயாரிப்பாளரிடமிருந்து படமும், உரையாடல் நீக்கப்பட்ட இசை-ஒலித் தடமும், வழிகாட்டியாக மூலமொழிக் குரல்தடமும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேர்கின்றன. மொழிபெயர்ப்பாளர் எழுதும் உரையாடலே அனைத்துக்கும் அடிப்படை. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நீளமும் உதட்டசைவும் பொருந்த வேண்டும்.

ப, ம ஆகிய ஒலிகளில் இரு உதடுகளும் முழுமையாக ஒட்டுகின்றன. திரையில் உதடு ஒட்டும் கணத்தில் இவ்வொலிகளுள் ஒன்று வராவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ பிசகியதாகத் தோன்றும். எடுத்துக்காட்டாக, ஆங்கிலப் பாத்திரம் 'கம் பேக்' என்கிறது. 'இங்கே வா' என்று எழுதினால் உதடு ஒட்டுமிடம் இல்லை. 'திரும்பி வா' என்றால் நடுவில் 'ம்ப' வருவதால் ஒட்டுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு அசையாக இருந்தது தமிழில் நான்காகிவிடுகிறது. ஆகவே நடிகர் விரைந்து பேச வேண்டும், அல்லது உரையாடல் ஆசிரியர் 'திரும்பு' எனக் குறைக்க வேண்டும். வினை இறுதியில் வருவதும் விகுதிகள் அடுக்கி வருவதும் தமிழின் இயல்பாதலால் இந்த நெருக்கடி ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் எழுகிறது. குரல் நடிகர்களுள் அனுபவம் மிக்கோர் ஒலிவாங்கியின் முன் நின்றபடியே சொல்லை மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள். இத்திறன் எப்பயிற்சி நூலிலும் இல்லை; வேலையில்தான் வருகிறது.

முன்பு படச்சுருளின் சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பாத்திரங்களுக்குரிய நடிகர் அனைவரும் ஒன்றாக நின்று பேசுவர். ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் பேச வேண்டும். கணினிப் பதிவு வந்த பின் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தம் வரிகளை மட்டும் பேசிச் செல்கின்றனர். வேலை விரைவாகிறது. ஆனால் எதிரில் பேசுபவரின் குரலைக் கேட்காமலேயே சினந்தும் சிரித்தும் பேச வேண்டியுள்ளதால் கற்பனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. புதியவர்களுக்கு வேறோர் இழப்பும் உண்டு: மூத்தவர்கள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்கும் வாய்ப்பு மறைந்துவிட்டது.

உரையாடல் அல்லாத ஒலிகளையும் நடிகரே தர வேண்டும். ஓடும்போது வரும் மூச்சு, விழும்போது வரும் முனகல், விழுங்கும் ஒலி, கொட்டாவி ஆகியன கார்ட்டூன்களில் மிகுதி. தொண்டையை வருத்தும் அலறல்களை அன்றைய பதிவின் இறுதியில் வைத்துக்கொள்வது நல்ல கூடங்களின் வழக்கம்.

ஒருவரே ஒரு தொடரில் பல பாத்திரங்களுக்குப் பேசுவதும் உண்டு. மோட்டு பட்லு தொடரின் இந்தி வடிவில் சௌரவ் சக்ரவர்த்தி இரு நாயகர்களுக்கும் வேறு சில பாத்திரங்களுக்கும் பேசியது பலரறிந்த எடுத்துக்காட்டு. சிறுவர் பாத்திரங்களுக்கு வயது வந்த பெண்கள் பேசுவது உலகெங்கும் உள்ள நடைமுறை. 1979 முதல் 2005 வரை டோரேமானுக்குச் சப்பானிய மொழியில் பேசியவர் நோபுயோ ஓயாமா என்ற பெண்மணி; பார்ட் சிம்ப்சன் என்ற சிறுவனின் ஆங்கிலக் குரல் நான்சி கார்ட்ரைட்டுடையது. உண்மையான சிறுவனின் குரல் சில ஆண்டுகளில் உடைந்துவிடும் என்பது இதற்கு முதன்மைக் காரணம்.

தொடங்குதல்

இத்துறைக்கெனக் குறிப்பிட்ட பட்டம் எதுவும் கேட்கப்படுவதில்லை. குரல் தேர்வு ஒன்றே வாயில். ஒலிப்பதிவுக் கூடம் அல்லது மொழிமாற்றப் பொறுப்பாளர் தரும் சில வரிகளைப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிக் காட்ட வேண்டும். பெரிய படங்களாயின் அப்பதிவு மூலத் தயாரிப்பாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்படும்.

தேர்வில் கவனிக்கப்படுவது 'இனிய குரல்' அன்று. இது பரவலான தவறான கருத்து. கரகரத்த குரல், கீச்சுக்குரல், மூக்கால் பேசும் குரல் அனைத்துக்கும் கார்ட்டூனில் இடமுண்டு. தேவைப்படுவன நான்கு: எழுத்துப் பிசகாத உச்சரிப்பு, பார்த்த கணத்தில் தடையின்றிப் படிக்கும் பழக்கம், ஒரு குரலை மணிக்கணக்கில் மாறாமல் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல், நடிப்பு. இவற்றுள் மூன்றாவதில்தான் பலகுரல் கலைஞர் பலர் இடறுகின்றனர். மேடையில் ஒரு நிமிடம் பிறர்போலப் பேசிக் கைதட்டல் பெறுவது வேறு. ஐம்பது பகுதிகளுக்கு ஒரு அணிலாகப் பேசுவது வேறு. அந்த அணில் அழவும் வேண்டும், பொய் சொல்லவும் வேண்டும், காய்ச்சலில் படுக்கவும் வேண்டும். ஆயினும் பலகுரல் மேடையிலிருந்து வந்து நிலைத்தோர் உண்டு. தொலைக்காட்சியின் நகைச்சுவைப் போட்டிகள் வழியே அறிமுகமான ரோபோ சங்கர் (இறப்பு: 2025), 2019 இல் வெளியான தி லயன் கிங் படத்தின் தமிழ் வடிவில் பும்பாவுக்குப் பேசினார்.

மாதிரிக் குரல்பதிவு ஒன்றைத் தயாரித்து வைத்திருப்பது வழக்கம். இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல், ஒன்றுக்கொன்று மாறுபட்ட நான்கைந்து பாத்திரங்கள் அதில் இருந்தால் போதும். பின்னணி இசை தேவையில்லை. அது குரலின் குறையை மறைக்கவே சேர்க்கப்பட்டது என்ற ஐயத்தை எழுப்பும். ஒலிவாங்கியிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் நின்று பேசினால் 'ப'கர வெடிப்பு குறையும். எதிரொலியைக் குறைக்கத் துணிகள் நிறைந்த அலமாரியும் சுவரில் தொங்கவிட்ட கனத்த போர்வைகளும் பயன்படும். படத்துக்கான ஒலி பொதுவாக 48 கிலோஎர்ட்சில் பதியப்படுவதால் வீட்டுப் பதிவையும் அவ்வாறே செய்தல் நன்று. 2020 இன் பொதுமுடக்கத்துக்குப் பின் வீட்டிலிருந்து பேசியனுப்பும் முறை பரவியது. எனினும் வெளியாகாத படம் கசிந்துவிடும் என்ற அச்சத்தால் பெரிய திரைப்படங்கள் இன்றும் கூடங்களிலேயே பதியப்படுகின்றன.

முன்பணம் கட்டினால் கார்ட்டூனில் பேச வைக்கிறோம் என அழைப்போரிடம் எச்சரிக்கை தேவை. பயிற்சிக்குக் கட்டணம் கேட்பது முறையானதே. வாய்ப்புக்குக் கட்டணம் கேட்பது முறையன்று.

தளி, ஓசூர் வட்டாரம்

தளி, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ளது. குளிர்ந்த தட்பவெப்பத்தால் 'குட்டி இங்கிலாந்து' எனப் பெயர் பெற்ற இவ்வூரைச் சுற்றித் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. அருகிலுள்ள ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் அமைந்ததால் தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும் வடநாட்டுத் தொழிலாளரும் குடியேறியுள்ளனர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒன்று, தொழிற்சாலையில் ஒன்று எனப் பேசுவது இங்கு இயல்பு.

குரல் நடிப்புக்கு இது இரு முனைக் கத்தி போன்றது. பழங்கன்னடத்திலும் பழந்தெலுங்கிலும் இருந்த ழகரம் பின்னர் அம்மொழிகளிலிருந்து மறைந்தது. தமிழரின் வாழை கன்னடத்தில் 'பாளெ', பழம் 'ஹண்ணு'. எனவே அவற்றை வீட்டில் பேசுவோர் தமிழில் ழ, ள வேறுபாட்டைத் தனியே பழக வேண்டியுள்ளது. (ழகரம் வராத தமிழர் தமிழகமெங்கும் உள்ளனராதலால் இதை எல்லைப்புறக் குறையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது.) மாறாக, தமிழெழுத்து காட்டாத ஒலிகளில் இவ்வட்டாரத்தார் முந்துகின்றனர். 'பீம்' என்று தாளில் எழுதியிருப்பதன் முதலெழுத்து எவ்வாறு ஒலிக்கும் என்பதைத் தமிழ் மட்டும் அறிந்தவருக்குச் சொல்லித்தர வேண்டும். கன்னடமோ தெலுங்கோ அறிந்தவருக்குத் தேவையில்லை. வடமொழி, ஆங்கிலப் பெயர்கள் நிறைந்த கார்ட்டூன்களில் இது சிறு நன்மையன்று.

கோவை, மதுரை, நெல்லை, சென்னைப் பேச்சு வழக்குகள் மொழிமாற்றப் படங்களில் நகைச்சுவைக்கு எடுத்தாளப்படுகின்றன. மும்மொழி கலந்த எல்லைப்புறப் பேச்சு அவ்வாறு அரிதாகவே ஒலிக்கிறது. ஆகவே இங்கிருந்து செல்பவர் தம் பேச்சை மறைத்துப் பொதுத் தமிழைக் கைக்கொள்ள வேண்டியவராகிறார்.

தொலைவும் ஒரு சிக்கல். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ.; சென்னை ஏறத்தாழ 300 கி.மீ. ஆனால் தமிழ் மொழிமாற்றத்தின் மையம் சென்னை. அருகிலிருந்த பெங்களூருவிலோ, 1960-களில் கன்னடத் திரையுலகில் எழுந்த எதிர்ப்பின் விளைவாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல்மாற்றுவது பல பத்தாண்டுகள் நடைமுறையில் தடுக்கப்பட்டிருந்தது. சட்டம் எதுவும் அதைத் தடுக்கவில்லை. திரைத்துறை அமைப்புகளின் கட்டுப்பாடே தடுத்தது. உள்ளூர்க் கலைஞரின் பிழைப்பைக் காப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. கன்னட கிராககர கூட்டம் என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2015 சூலையில் இந்தியப் போட்டி ஆணையம் இக்கட்டுப்பாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2017 இல் அஜித்குமார் நடித்த என்னை அறிந்தால் படம் சத்யதேவ் ஐ.பி.எஸ். என்ற பெயரில் கன்னடம் பேசி வந்தது. அதன்பின் திரையரங்கிலும் இணையவழித் தளங்களிலும் கன்னடக் குரல்தடங்கள் பெருகின. தளியின் கன்னடம் பேசும் இளைஞருக்கு, பேருந்தில் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் இத்தொழில் வந்தது இவ்வாறே.

பயிற்சிக்கு அருகில் உள்ள பொது நிறுவனம் அகில இந்திய வானொலி. தருமபுரியில் அதன் நிலையம் உள்ளது. வானொலி நாடகக் கலைஞர்கள் குரல் தேர்வின் வழி தரப்படுத்தப்படுகின்றனர். நாடகம் பேசிப் பழகியவருக்கு ஒலிவாங்கி அச்சம் தராது. இப்பகுதிகளில் ஆடப்படும் தெருக்கூத்திலிருந்து வருவோருக்குக் குரல்வளம் இருக்கும். ஆனால் திறந்தவெளிக்குப் பழகிய அக்குரலை ஒரு சாண் தொலைவுக்குச் சுருக்கக் கற்க வேண்டும்.

சங்கம்

சென்னையில் திரைப்பட, தொலைக்காட்சி டப்பிங் கலைஞர்களுக்கான சங்கம் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் (பெப்சி) கீழ் இயங்குகிறது. ஊதியத்தைப் பேசி முடிப்பதும், நிலுவையைப் பெற்றுத் தருவதும் இதன் பணிகள். திரைப்படப் பணிக்கு உறுப்புரிமை பெரிதும் எதிர்பார்க்கப்படுவதால், அதைப் பெறுவது புதியவருக்கு ஒரு செலவும் தடையுமாகும்.

சங்க உறுப்புரிமையின் வலிமை 2018 இல் பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது. பாடகியும் குரல் கலைஞருமான சின்மயி, பாலியல் தொல்லை தொடர்பான குற்றச்சாட்டுகளை வெளியிட்ட சில வாரங்களில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா நிலுவையே காரணம் என்றது சங்கம். அவர் அதை மறுத்து நீதிமன்றம் சென்றார். 2023 இல் வெளியான லியோ படத்தில் திரிசாவுக்கு அவர் மீண்டும் பேசினார். புகழ்பெற்ற ஒருவருக்கே இந்நிலை எனில், பெயரறியாத கார்ட்டூன் கலைஞரின் நிலையை ஊகிக்கலாம்.

பெயர் பெறும் உரிமை

பெரிய அசைவூட்டப் படங்களுக்கு நட்சத்திரங்களை அழைப்பது பெருகிவருகிறது. 2019 லயன் கிங்கில் சித்தார்த், அரவிந்த்சாமி, அதே ஆண்டு புரோசன் 2 இல் சுருதி ஹாசன், 2024 முபாசாவில் அர்ஜுன் தாஸ், அசோக் செல்வன் ஆகியோர் தமிழில் பேசினர். இவர்களின் பெயர்கள் விளம்பரத்தில் வந்தன. அன்றாடத் தொடர்களில் ஆண்டுக்கணக்கில் பேசுவோரின் பெயர்களோ, மூலமொழிப் பெயர்ப்பட்டியல் அப்படியே ஓடுவதாலும் அதுவும் பல வேளைகளில் விளம்பரத்துக்காக வெட்டப்படுவதாலும், எங்கும் பதிவாவதில்லை. தமிழ்க் கார்ட்டூன் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இது பெரும் இடையூறு.

இது மதிப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. 2012 இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துநர் தம் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையையும், அது சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையையும் 38ஆ பிரிவில் வழங்குகிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. ஆனால் திரைப்படத்தில் ஒருவரது பங்கு தற்செயலானதாக இருந்து, பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் அவர் குறிக்கப்படாவிடின், சிதைவுக்கு எதிரான உரிமை தவிர்த்த பிறவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சிறு பாத்திரங்களில் தொடங்கும் புதியவர், தம் பெயர் எங்கேனும் பதியப்பட வேண்டும் எனக் கேட்பதற்கு இதுவே போதிய காரணம்.

குழந்தைகளைப் பேசவைப்பதற்கும் விதிகள் உள. 2017 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தைக் கலைஞர் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் பணியாற்றலாகாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்பாகச் செலுத்தப்பட வேண்டும்.

செயற்கைக் குரல்

2024 இல் வெளியான லால் சலாம் படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் கணினி வழியே மீட்டுருவாக்கினார். அவர்களின் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். அதே ஆண்டு சூலையில் அமெரிக்கக் கணினி விளையாட்டுக் குரல் நடிகர்கள், செயற்கை நுண்ணறிவுக்கு எதிரான பாதுகாப்புக் கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் 2025 வரை நீடித்தது.

ஒருவரது குரலைப் பேசவைக்கும் முன் யாரிடம் இசைவு பெறுவது என்பது, அக்குரல் யாருடையது எனத் தெரிந்தால்தான் எழும் கேள்வி. பெயரின்றிப் பதிவாகும் கார்ட்டூன் குரல்களுக்கு இதனாலேயே இடர் மிகுதி. எனவே புதியவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, தம் பதிவு எந்தத் தொடருக்கு, எந்த மொழிக்கு, எந்த ஊடகத்துக்கு என்பதுடன், கணினிக்குப் பயிற்சியளிக்க அதைப் பயன்படுத்தலாமா என்பதும் எழுதப்பட்டுள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது. ஒப்பந்தமே தராத கூடங்களில் பேசுவோர், பதிவு நாளையும் தொடரின் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் தாமேனும் குறித்து வைத்தல் வேண்டும்.